கழிக்கப்பட்ட கடைகள்

2023 ஆகஸ்டில் ஆல்டி நிறுவனம், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இயங்கிவந்த வின்-டிக்சி, ஹார்வீஸ் ஆகிய இரண்டு சூப்பர் மார்க்கெட் தொடர்களை வாங்கப்போவதாக அறிவித்தது. புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா ஆகிய ஐந்து மாநிலங்களில் ஏறத்தாழ 400 கடைகள். 2024 மார்ச்சில் கைமாற்றம் முடிந்தது. 2028 முடிவதற்குள் 900 கோடி டாலர் செலவில் 800 கடைகளைக் கூட்டப்போவதாகவும் அந்த மாதமே ஆல்டி சொன்னது. மலிவு விலைக் கடை ஒன்று வட்டாரப் பெருங்கடையை விழுங்குகிறது என்று பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. ஓராண்டு நிறைவதற்குள், 2025 பிப்ரவரியில், வாங்கியவற்றில் சுமார் 170 கடைகளை ஆல்டி வேறு கைக்கு விற்றுவிட்டது. சுமார் 220 கடைகளை மட்டும் 2027-க்குள் ஆல்டியாக மாற்றுவது என்று முடிவாயிற்று. இந்த இரண்டாவது செய்திக்கு முதல் செய்தியின் பரபரப்பில் கால் பங்கு கூடக் கிடைக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கையகப்படுத்தலைப் புரிந்துகொள்ள உதவுவது அதுதான். மலிவு விலைத் தொடர் ஒன்று வட்டாரச் சூப்பர் மார்க்கெட்டை வாங்கும்போது வியாபாரத்தை வாங்குவதில்லை, இடத்தை வாங்குகிறது. வாங்கிய இடங்களில் தனக்கு ஒத்துவருவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது. ஆகவே மாற்றப்பட்ட கடையின் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இந்தப் பேரத்தை எடைபோடுவது பாதிக் கணக்கு. கழிக்கப்பட்ட கடைகள் என்ன ஆயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

இடத்தை மட்டும் வாங்குகிறது என்று ஏன் சொல்ல வேண்டும்? அதற்கு ஆல்டியின் மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1913-ல் ஒரு தாய் தொடங்கிய சிறு கடையை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்ல், தியோ ஆல்பிரெக்ட் என்ற அவருடைய மகன்கள் எடுத்து நடத்தினார்கள். போரில் நொறுங்கிய நாட்டில் நிறையச் சரக்கு வைக்கப் பணமும் இல்லை, சரக்கும் இல்லை. வேறு வழியில்லாமல் வந்த அந்தச் சுருக்கத்தையே அவர்கள் பின்னர் கொள்கையாக்கிக்கொண்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் சகோதரர்கள் நிறுவனத்தை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்துக்கொண்டனர். 1976-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குள் நுழைந்தது தெற்குக் கிளை. சாதாரண அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சரக்கு இருக்கும். ஆல்டியில் இரண்டாயிரத்தை ஒட்டியே இருக்கும். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு ஆல்டி தன் சொந்த வணிகப் பெயர்களில் தயாரிக்கச் சொல்லி வாங்குவது. தக்காளிச் சாறு என்றால் ஒன்றோ இரண்டோ வகைதான். வகை குறைந்தால் ஒவ்வொரு வகையும் மலைபோல் விற்கும். மலைபோல் வாங்குகிறவனிடம் தயாரிப்பாளர் விலையைக் குறைப்பார். சரக்கு வந்த அட்டைப் பெட்டியோடு அப்படியே அலமாரிக்குப் போகிறது. தள்ளுவண்டிக்குக் கால் டாலர் காசைச் செருக வேண்டும். வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் காசு திரும்பக் கிடைக்கும், அதனால் வண்டி பொறுக்க ஆள் வேண்டாம். பொருள்களில் பார்கோடு பெரிதாகவும் பல பக்கங்களிலும் அச்சாகியிருப்பதால் உட்கார்ந்தபடியே பில் போடுகிறவரின் கை நிற்பதே இல்லை. இறைச்சி வெட்டித்தருகிறவர் கிடையாது, சமைத்த உணவு விற்கும் கவுண்டர் கிடையாது, மருந்தகம் கிடையாது. இது பண்டிகைக்காலத் தள்ளுபடி போன்ற சலுகை அல்ல. கடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டவற்றின் கூட்டுத்தொகைதான் இந்த மலிவு. எடுத்துவிட்டவற்றைத் திரும்பச் சேர்த்தால் மலிவும் போய்விடும்.

அப்படியானால் வின்-டிக்சியிடமிருந்து ஆல்டிக்கு எது பயன்படும்? பெயர் வேண்டாம். சரக்குத் தருகிறவர்கள் வேண்டாம். இறைச்சிக் கவுண்டர், ரொட்டி அடுப்பு, மலர்க் கடை எதுவும் வேண்டாம். கட்டடம்கூட அளவுக்கு மிஞ்சியது. ஆல்டிக்கு வேண்டியதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருந்தகங்களை வைத்துக்கொள்வதற்கில்லை என்பதால், கைமாற்றத்துக்கு முன்பே நோயாளிகளின் மருந்துச் சீட்டுப் பதிவுகள் சிவிஎஸ், வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடைத் தொடர்களுக்குப் போய்விட்டன. எஞ்சுவது குடியிருப்புக்கு நடுவில் நல்ல மூலை, கார் நிறுத்த இடம், மளிகைக் கடை நடத்த ஏற்கெனவே கிடைத்த அனுமதி, பல ஆண்டு ஓடக்கூடிய குத்தகை ஆகியவைதான். புளோரிடா போன்ற மாநிலத்தில், நல்ல மூலைகளையெல்லாம் பப்ளிக்ஸ், வால்மார்ட் என்ற பெருந்தொடர்கள் பிடித்துவைத்திருக்கும் இடத்தில், இது சின்னச் சொத்தில்லை. மனை தேடி, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க வருடங்கள் ஆகும். வாங்கினால் அந்த வருடங்கள் மிச்சம்.

இது ஊகம் மட்டுமில்லை. இதே ஆல்டி இதற்கு முன் செய்த பேரத்தில் விலையே இதைச் சொல்லிவிடுகிறது. 2014 நவம்பரில் டெல்ஹெய்ஸ் நிறுவனத்திடமிருந்து, பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் வட்டாரங்களில் இருந்த பாட்டம் டாலர் ஃபுட் என்ற தொடரின் 66 கடைகளை ஆல்டி வாங்கியது. ரொக்கம் ஒன்றரைக் கோடி டாலர், அதோடு குத்தகைப் பொறுப்புகள். கடை ஒன்றுக்கு இரண்டேகால் லட்சம் டாலருக்குச் சற்று மேல். ஓடுகிற மளிகைக் கடையை யாரும் அந்த விலைக்கு விற்க மாட்டார்கள். அது குத்தகையின் விலை. அந்த 66 கடைகளில் எல்லாமே ஆல்டியாக மாறிவிடவில்லை, கணிசமானவை கழிக்கப்பட்டன. வின்-டிக்சி பேரத்தில் நடந்தது அதே முறையின் பெரிய பதிப்பு.

வட்டாரத் தொடர்களுக்கும் தங்கள் உண்மையான சொத்து இடம்தான் என்பது நன்றாகவே தெரியும். பல வணிக வளாகங்களில் வின்-டிக்சி தன் குத்தகையில் ஒரு நிபந்தனை போட்டுவைத்திருந்தது: அதே வளாகத்தில் வேறு எந்தக் கடையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மளிகை விற்கக் கூடாது. அந்த நிபந்தனையை மீறி மளிகை விற்றதாக டாலர் ஜெனரல், டாலர் ட்ரீ, பிக் லாட்ஸ் ஆகிய கடைகள்மீது அது வழக்குத் தொடுத்தது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை அது போயிற்று. எந்தப் பொருள் மளிகை, எந்தப் பொருள் மளிகை இல்லை என்று நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய வேண்டியிருந்தது. மூலையைக் காக்க இவ்வளவு பாடுபட்ட நிறுவனத்தை வாங்குகிறவர், அந்த மூலைகளுக்காகத்தான் வாங்குகிறார் என்பதில் வியப்பென்ன?

இடத்தை விட்டுவிட்டு வியாபாரத்தையே வாங்கித் தன் பாணியில் நடத்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு கதை உண்டு. வால்மார்ட் 1997 கடைசியில் ஜெர்மனியின் வெர்ட்காஃப் தொடரின் 21 பெருங்கடைகளையும், மறு ஆண்டில் இன்டர்ஸ்பார் தொடரின் 74 கடைகளையும் வாங்கியது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் பழக்கங்களையும் பணியாளர்களையும் கட்டடங்களையும் சேர்த்துத் தைத்து அமெரிக்க பாணிக் கடையாக்கப் பார்த்தது. அங்கே விலையில் ஏற்கெனவே ஆல்டியும் அதைப் போன்ற மலிவு விலைத் தொடரான லிடிலும் காலூன்றியிருந்தன. 2006-ல் எல்லாவற்றையும் மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஏறத்தாழ நூறு கோடி டாலர் நட்டத்தோடு வால்மார்ட் வெளியேறியது. இடங்களை மொத்தமாக அள்ளினாலும் நிலைமை சுகமில்லை. ஆல்டியின் வடக்குக் கிளை 2020-ல் பிரான்சில் காசினோ குழுமத்திடமிருந்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட லீடர் பிரைஸ் கடைகளை 71.7 கோடி யூரோவுக்கு வாங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதன் பிரெஞ்சுப் பிரிவு பெரும் நட்டத்தையே காட்டியது. ஆகவே அமெரிக்காவில் 170 கடைகளைத் திரும்ப விற்றது ஆல்டியின் தோல்வியோ மனமாற்றமோ அல்ல என்றே நான் கருதுகிறேன். இந்தத் தொழிலின் அனுபவம் சொல்லும் புத்திசாலித்தனம் அது. நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊரின் பக்கம் நின்று பார்ப்பவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வாதம் விலை. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2021-க்குப் பிறகு அமெரிக்காவில் மளிகை விலை ஏறிய ஏற்றத்தில் மாதச் சம்பளக்காரர் திணறினார். அந்த நேரத்தில் பாலும் முட்டையும் ரொட்டியும் குறைந்த விலையில் தருகிற கடை வந்தால் அது அந்தக் குடும்பத்துக்குச் சம்பள உயர்வு கிடைத்தது மாதிரி. நன்மை ஆல்டிக்குள் நுழைகிறவரோடு நிற்பதுமில்லை. 2017-ல் அமெரிக்காவுக்குள் வந்த லிடில் கடைகளை ஆராய்ந்த வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வு, லிடிலுக்கு அருகிலுள்ள போட்டிக் கடைகள் மற்ற ஊர்களைவிட ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேலாக விலையைக் குறைத்திருந்ததாகக் கண்டது. அமெரிக்கர் மளிகைக்குச் செலவிடும் நான்கு டாலரில் ஏறத்தாழ ஒன்று வால்மார்ட்டுக்குப் போகிற சந்தையில், அதனுடன் விலையில் மோதத் துணிகிற ஒரு போட்டியாளர் பெருகுவது நுகர்வோருக்கு நல்லது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நன்மை ஆல்டி வருவதால் கிடைப்பது, வின்-டிக்சி போவதால் கிடைப்பதல்ல. ஆல்டி தன் அமெரிக்கக் கடைகளில் மிகப் பெரும்பான்மையை யாரையும் வாங்காமல், ஒவ்வொன்றாகக் கட்டியே திறந்தது. அப்படித் திறக்கும்போது தெருவில் ஒரு கடை கூடுகிறது. லிடில் ஆய்வு அளந்ததும் அத்தகைய கூடுதலைத்தான். வாங்கி மாற்றும்போது ஒரு கடை வருகிறது, ஒரு கடை போகிறது. விலை அப்போதும் குறையலாம். ஆனால் முதலாவதற்காக எழுதப்பட்ட நற்சான்றை இரண்டாவதற்கு அப்படியே நீட்டுவது சரியில்லை.

மேலும், போகிற கடையும் வருகிற கடையும் ஒரே வகையல்ல. ஆல்டியின் வாடிக்கையாளர் பலரும் வாரச் சாமான் பட்டியலில் பெரும்பகுதியை அங்கே வாங்கிவிட்டு, அங்கே கிடைக்காததற்கு இன்னொரு கடைக்குப் போகிறவர்கள். அந்த இரண்டாவது கடை பக்கத்தில் இருக்கும்வரை ஆல்டி வரம்தான். அந்த இரண்டாவது கடையே ஆல்டியாக மாறிவிட்டால்? பப்ளிக்ஸ் எதிர்ச்சாரியில் இருக்கிற புறநகரில் யாருக்கும் வலிக்காது. கார் இல்லாத முதியவர் நடந்துபோய் மருந்தும், வெட்டிய மீனும், தன் ஊர்ச் சமையலுக்கு வேண்டிய கொத்தமல்லியும் வாங்கிவந்த கடை அதுவாக இருந்தால் அவருக்கு விலைப்பட்டியல் ஈடு செய்யாது. அந்த இடைவெளியை டாலர் ஜெனரல் நிரப்பும் என்று சொல்வார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அதன் கடைகளில் பலவற்றில் பச்சைக் காய்கறியே கிடையாது.

இரண்டாவது வாதம் இன்னும் கடுமையானது: வின்-டிக்சி எப்படியும் சாகத்தான் போகிறது, ஆல்டி வாங்காவிட்டால் கதவடைப்புதான் என்பது. 2005-ல் ஒரு திவால், 2018-ல் தாய் நிறுவனமான சவுத்ஈஸ்டர்ன் குரோசர்ஸின் பெயரில் இன்னொன்று. 1990-களில் ஆயிரத்துக்கு மேல் கடை வைத்திருந்த தொடர் நானூறை ஒட்டிச் சுருங்கியிருந்தது. வாடிக்கையாளர் கைவிட்டதும் உண்மை. கடைகள் பழசாகிப்போனதும், பப்ளிக்ஸின் உபசரிப்புக்கும் வால்மார்ட்டின் விலைக்கும் நடுவில் நசுங்கியதும் உண்மை. ஆனால் நோயின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். வின்-டிக்சியே கையகப்படுத்தலில் வளர்ந்த பிள்ளை. 1925-ல் மயாமியில் ஒரே கடையாகத் தொடங்கிய டேவிஸ் குடும்பம் 1939-ல் வின் அண்ட் லவெட் தொடரையும், 1955-ல் டிக்சி ஹோம் தொடரையும் பிடித்து, இரண்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. வாங்குவது அளவுமீறிப் போனதால் 1966-ல் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பத்தாண்டுக்கு வேறு கடைகளை வாங்கக் கூடாது என்று கட்டுப்பட வேண்டியிருந்தது. 2012-ல் வின்-டிக்சியை பை-லோ தொடர் 56 கோடி டாலருக்கு வாங்கியது. பை-லோவின் உரிமையாளர் லோன் ஸ்டார் என்ற முதலீட்டு நிதியம். கடைகளின் பெயரில் கடன் வாங்கி அந்த நிதியத்துக்கு ஈவுத்தொகை போனது. 2018 திவாலில் கழிக்க வேண்டியிருந்த கடன் ஐம்பது கோடி டாலருக்கு மேல், மூடப்பட்ட கடைகள் 94. வாடிக்கையாளர் விட்டுப்போனதால் வந்த சரிவோடு, உரிமையாளர் உறிஞ்சியதால் வந்த சரிவும் இதில் கலந்திருக்கிறது. வாங்கி, கடனேற்றி, பலவீனப்படுத்தி, பிறகு பலவீனத்தையே காரணம் காட்டி அடுத்தவரிடம் தள்ளுவதை இயற்கை மரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, சட்டம் என்ன பார்த்தது? இந்தப் பேரத்தை எதிர்த்து வர்த்தக ஆணையம் வழக்குப் போடவில்லை. இன்றைய அளவுகோலில் அதற்கு முகாந்திரமும் குறைவு. லாஸ் ஏஞ்சலஸில் வான்ஸ், ஷாப்பிங் பேக் என்ற இரு மளிகைத் தொடர்கள் இணைந்தபோது, இரண்டும் சேர்ந்து நகர விற்பனையில் ஏழரை சதவீதம்தான் வைத்திருந்தன. ஆனாலும் சிறு கடைகள் மறைந்துவரும் போக்கைச் சுட்டி அதே 1966-ல் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பு செல்லாது என்றது. அது மிகைதான், அந்தக் கடுமைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு கேட்ட கேள்வி, சந்தையில் எத்தனை விதமான கடை மிஞ்சும் என்பது. பிறகு வந்த காலம் விலை ஏறுமா என்ற ஒரே கேள்விக்கு இறங்கிவந்துவிட்டது. மலிவு விலைத் தொடர் வாங்கும்போது அந்தக் கேள்விக்கு விடை எப்போதும் "ஏறாது" என்றுதான் வரும். சந்தேகமே எழாத பேரத்தை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

கழிக்கப்பட்ட கடைகளின் கதியைப் பற்றி அமெரிக்காவுக்குத் தெரியாததல்ல. 2015-ல் ஆல்பர்ட்சன்ஸ், சேஃப்வே இணைப்புக்கு அனுமதி தரும்போது 168 கடைகளை விற்கச் சொன்னார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஹேகன் என்ற 18 கடைத் தொடர் அவற்றில் 146-ஐ வாங்கியது. ஒரே மூச்சில் எட்டு மடங்குக்கு மேல் பெருத்த அந்தத் தொடர் அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. விற்ற கடைகள் பலவற்றை ஆல்பர்ட்சன்ஸே திரும்ப வாங்கிக்கொண்டது. இந்தக் கசப்பு நினைவில் இருந்ததால்தான், 2,460 கோடி டாலர் மதிப்பிலான குரோகர், ஆல்பர்ட்சன்ஸ் இணைப்பில் 579 கடைகளை சி அண்ட் எஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று இருவரும் சொன்னபோது, அந்த நிறுவனத்தால் அவற்றை நடத்திப் போட்டி தர முடியும் என்று ஓரிகன் நீதிமன்றம் நம்பவில்லை. 2024 டிசம்பரில் இணைப்பு நின்றது. இரண்டே மாதம் கழித்து, ஆல்டி கழித்த 170 கடைகளை வாங்கிய கூட்டணியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், வின்-டிக்சியின் தலைமை நிர்வாகியோடு அதே சி அண்ட் எஸ். நெடுங்காலமாக வின்-டிக்சிக்குச் சரக்கு அனுப்பிவந்த நிறுவனம் அது. நீதிமன்றம் ஒரு வழக்கில் சல்லடை போட்டுப் பார்த்த வாங்குபவர், இன்னொரு பேரத்தில் கேள்வியே இல்லாமல் நுழைய முடிந்தது. காரணம், முதலாவது நிபந்தனைப்படி நடக்கவிருந்த விற்பனை. இரண்டாவது உரிமையாளர் தன் விருப்பத்தில் செய்தது. 2025 முடியும் முன்பே அந்த எஞ்சிய வின்-டிக்சி, புளோரிடாவிலும் தெற்கு ஜார்ஜியாவிலும் மட்டும் கவனம் செலுத்தப்போவதாகச் சொல்லி மற்ற மாநிலக் கடைகளைக் கைவிடத் தொடங்கியது. அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் இருந்தவருக்கு மூன்று ஆண்டுக்குள் மூன்றாவது கைமாற்றம் அது, அல்லது கதவடைப்பு.

இந்தியாவில் இப்படி இடத்தைக் கைப்பற்றுவது வேறு பெயரில் நடந்ததை வாசகர் நினைவுகூரலாம். பிக் பஜார் நடத்திய ஃபியூச்சர் குழுமத்தின் சில்லறை வணிகத்தை 24,713 கோடி ரூபாய்க்கு வாங்க ரிலையன்ஸ் 2020-ல் ஒப்பந்தம் போட்டது. அமேசான் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தில் இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே, 2022 பிப்ரவரியில், வாடகை பாக்கியிருந்த நூற்றுக்கணக்கான கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் கையில் எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் ஒப்பந்தமே கைவிடப்பட்டது. நிறுவனத்தை வாங்காமலே கடைகள் வந்து சேர்ந்தன. நீதிமன்றங்கள் பங்குகளைப் பற்றி வாதம் கேட்டுக்கொண்டிருந்தன. விஷயம் வாடகை ஒப்பந்தத்தில் முடிந்துவிட்டது.

என்னதான் செய்யச் சொல்கிறீர்கள், தனியார் தன் கடையை யாருக்கு விற்பது என்று அரசு சொல்வதா என்ற மறுப்பு நியாயமானது. ஆல்டியை வின்-டிக்சி மாதிரி கடை நடத்தச் சொல்ல முடியாது. நட்டத்தில் ஓடும் கடையை மூடக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் இடத்தின்மீது பேரம் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டால், இடத்தைப் பற்றிய சில விதிகள் கேட்கலாம். எந்தக் கடையை மாற்றப்போகிறோம், எதை விற்கப்போகிறோம் என்ற பட்டியலை அனுமதிக்கு முன்பே கேட்கலாம். ஆல்டியின் பேரத்தில் அந்த எண்ணிக்கை கைமாற்றம் முடிந்து பதினொரு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. கழிக்கும் கடையை வாங்குபவர், அனுமதிக்காகவே விற்கப்படும் கடையை வாங்குபவரைப் போலவே சோதிக்கப்படட்டும். விட்டுப்போகும் இடத்தில் இன்னொரு மளிகைக் கடை வரக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதிவைப்பதைத் தடை செய்யலாம். இது கற்பனையல்ல, பிரிட்டன் 2010-ல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு இத்தகைய நிலக் கட்டுப்பாடுகளைத் தடைசெய்து ஆணை போட்டது. அந்த ஆணையை டெஸ்கோ 23 முறை மீறியிருந்ததை 2020-ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் கண்டுபிடித்தது. டெஸ்கோ பத்திரங்களைத் திருத்தித்தர வேண்டியிருந்தது. அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையில் எழுதப்பட்டிருக்கவில்லை.